பிசின் உணர்த்திய பேருண்மை

இரவிலே ஒரு பிடி வெந்தயத்தை நீரில் இட்டு மூடிவைத்து, விடிந்ததும் திறந்து பார்ப்போர் சிறு புதுமை ஒன்றைக் காண்பர். மாலையில் தெளிந்த நீராக இருந்தது காலையில் வழுவழுப்பான குழம்பாக மாறியிருக்கும். கரண்டியால் எடுத்து ஊற்றினால் அது நீரைப்போலச் சிதறி விழாது; நூல்போல நீண்டு இறங்கும். அதே அளவு நீரில் சீனியைக் கரைத்தால் இத்தகைய மாற்றம் எதுவும் தோன்றுவதில்லை. நீர் இனிக்கும், ஆனால் முன்போலவே ஓடும்.

வெந்தயத்தின் வழுவழுப்பும் சீனியும் தொடர்பற்ற பொருள்கள் அல்ல. இரண்டும் வெல்ல இனத்தைச் சேர்ந்தவையே. இரண்டும் காபன், ஐதரசன், ஒட்சிசன் என்னும் மூன்று மூலகங்களால் ஆனவை. அவ்வாறிருக்க, ஒன்று நீரின் ஓட்டத்தை அடியோடு மாற்றுவதும், மற்றொன்று வாளாவிருப்பதும் ஏன்? சமையலறையில் எழும் இந்த எளிய வினாவுக்கு விடை காண அறிவியல் உலகுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. அந்த விடையைத் தேடிய வரலாறு பாலைநிலத்து மரங்களினூடாகவும், கடற்போர்களினூடாகவும், அறிஞர் பெருமக்களின் கடும் வாதங்களினூடாகவும் செல்வதாகும்.

தாவரப் பிசின்களைப் பயன்படுத்தும் கலை மிகப் பழைமையானது. ஆபிரிக்காவின் சாகராப் பாலைநிலத்துக்குத் தெற்கே, மேற்கிலிருந்து கிழக்காக நீண்டு கிடக்கும் வறண்ட புல்வெளியில், ஒருவகை வேலமரம் வளர்கின்றது. மழைக்காலம் கழிந்தபின் அதன் கிளைகளில் பட்டையைக் கீறிவிட்டால், சில வாரங்களில் காயத்திலிருந்து பிசின் கசிந்து, பொன்னிறக் கட்டிகளாகத் திரண்டு நிற்கும். இதுவே உலகச் சந்தையில் அராபியப் பிசின் எனப் பெயர் பெற்றது. பண்டை எகிப்தியர் மையையும் வண்ணத்தையும் குழைப்பதற்கு இத்தகைய பிசினைக் கையாண்டனர். கரித்தூள் நீரின் அடியில் படிந்துவிடாமல் மிதந்து நிற்கவும், எழுதிய எழுத்து ஏட்டில் ஒட்டிக்கொள்ளவும் பிசின் உதவியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இப்பிசினுக்கு ஒரு புதிய தேவை பிறந்தது. ஐரோப்பாவில் அச்சுப்பதித்த பருத்தித் துணி பெருவழக்காயிற்று. சாயத்தை வெறும் நீரில் கரைத்து அச்சில் தோய்த்தால் அது துணியில் ஊறிப் பரவிக் கோலத்தைக் குலைத்துவிடும். சாயநீரிலே பிசினைக் கலந்து அதன் ஓட்டத்தை மட்டுப்படுத்தினால் மட்டுமே பூவின் விளிம்பு பூவின் விளிம்பாக நிற்கும். எனவே பிசின் இல்லையேல் துணித்தொழில் இல்லை என்னும் நிலை ஏற்பட்டது. செனகால் ஆற்றங்கரையிலும் அதன் வடக்கே உள்ள கடற்கரையிலும் இப்பிசினை வாங்கும் உரிமைக்காக ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் ஒருவரோடொருவர் பொருதினர். ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், தோமஸ் கமிங் என்னும் வணிகர் பிசின் வணிகத்தைக் கைப்பற்றுமாறு ஆங்கில அரசைத் தூண்டினார். 1758ஆம் ஆண்டில் ஆங்கிலக் கப்பற்படை செனகாலின் சென் லூயிக் கோட்டையைப் பிடித்தது. உயிர்க்கொலையை வெறுக்கும் குவேக்கர் சமயப் பிரிவினரான ஒருவரின் யோசனையால் இப்படையெடுப்பு நிகழ்ந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

அந்தப் பிசினை வெயிலில் நின்று சேகரித்தவர்கள் யாவர்? செனகால் ஆற்றுக்கு வடக்கேயிருந்த மூர் இனத்தவர்க்கு ஆட்பட்ட அடிமைகளே அவ்வேலையைப் பெரும்பாலும் செய்தனர். இலண்டனிலும் பாரிசிலும் சீமாட்டிகள் அணிந்த பூந்துகில்களின் அழகுக்குள், முள்மரங்களுக்கிடையே அலைந்த பெயரறியா மக்களின் உழைப்பும் மறைந்து கிடந்தது. பிசின் நீரை ஏன் தடிப்பாக்குகின்றது என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. பிசினை வாங்கியவர்களும் அதனை அறிந்திருக்கவில்லை.

நீர்மப் பொருள் ஓடும்போது அதன் உள்ளே தோன்றும் தடையை அறிவியலில் பிசுக்குமை என்பர். பெயரே பிசினை நினைவூட்டுகின்றது. இதைப்பற்றி முதன்முதலில் தெளிவாகச் சிந்தித்தவர் சர் ஐசாக் நியூற்றன் ஆவர். 1687ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பெருநூலில், ஓடும் நீர்மத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கிச் செல்லும் ஏடுகளாக அவர் கருதினார். ஓர் ஏடு அடுத்த ஏட்டைவிட்டு எவ்வளவு விரைவாக விலகுகின்றதோ, அவ்வளவுக்கு இடையே தோன்றும் தடையும் மிகும் என்பது அவர் கொண்ட கருத்து. வேகம் இருமடங்கானால் தடையும் இருமடங்காகும். இதனை அவர் நிறுவப்பட்ட உண்மையாக அன்றி, ஒரு கருதுகோளாகவே முன்வைத்தார். நீருக்கும் எண்ணெய்க்கும் தேனுக்கும் அது பொருந்தியது. ஆனால் வெந்தயக் குழம்புக்குப் பொருந்தாது என்பதை உலகம் அறிய நெடுங்காலம் சென்றது.

கருதுகோளை அளவுகோலாக்கும் வேலையை ஒரு மருத்துவர் செய்தார். பிரான்சு நாட்டைச் சேர்ந்த புவசேய் என்பவர், மனித உடலின் நுண்ணிய குழாய்களில் குருதி எவ்வாறு ஓடுகின்றது என்பதை அறிய விரும்பினார். குருதி விரைவில் உறைந்துவிடுமாதலால், மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு அளந்தார். 1840ஆம் ஆண்டை அடுத்து அவர் வெளியிட்ட முடிவுகள் வியப்பூட்டின. குழாயின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால், ஓடும் நீர் பாதியாகவோ காற்பங்காகவோ குறைவதில்லை. பதினாறில் ஒரு பங்காகக் குறைகின்றது. சேர்மனியின் பொறியியலாளர் ஹேகனும் 1839ஆம் ஆண்டில் இதையொத்த முடிவுக்கு வந்திருந்தார். ஒரு குழாயும் ஒரு மணிக்கூடும் இருந்தால் எந்த நீர்மத்தின் பிசுக்குமையையும் அளந்துவிடலாம் என்னும் நிலை இவ்வாறு உருவாயிற்று. பிசுக்குமையின் அலகு ஒன்றுக்குப் புவசேயின் பெயரைச் சுருக்கிப் போய்ஸ் எனப் பெயரிட்டனர். அதன் நூறில் ஒரு பங்கு சென்றிபோய்ஸ். இருபது பாகை வெப்பத்தில் நீரின் பிசுக்குமை ஏறக்குறைய ஒரு சென்றிபோய்ஸ் என்பது நினைவிற் கொள்ள எளிதான கணக்காகும்.

அடுத்து வந்தவர் ஸ்கொத்லாந்தில் பிறந்த தோமஸ் கிரகாம். கரைந்த பொருள்கள் நீரில் எவ்வாறு பரவுகின்றன என்பதை அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். உப்பும் சீனியும் விரைவாகப் பரவின. பதப்படுத்திய மெல்லிய தாளினூடாகவும் ஊடுருவிச் சென்றன. பிசினும் மாப்பொருளும் முட்டை வெண்கருவும் மிக மெதுவாகவே பரவின. தாள் அவற்றைத் தடுத்து நிறுத்தியது. 1861ஆம் ஆண்டில் அவர் பொருள்களை இரண்டு உலகங்களாகப் பிரித்துக் காட்டினார். பளிங்காகப் படியக் கூடியவை ஓர் உலகம். பசைபோன்றவை மற்றோர் உலகம். பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு பின்னவற்றுக்குக் கொலொயிட்டு எனப் பெயரிட்டார். கிரகாமின் பிரிவு பேருதவியாய் அமைந்தது. எனினும் அதுவே பின்னர் ஒரு தடையாகவும் ஆயிற்று. பிசின் போன்றவை வேறு உலகத்தவை. அங்கே வழக்கமான இரசாயன விதிகள் செல்லா என்னும் எண்ணம் அறிஞரிடையே வேரூன்றியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிசுக்குமையைக் கொண்டு கண்ணுக்குப் புலப்படாத மூலக்கூறுகளை அளக்கலாம் என்று காட்டியவர் அல்பேட் ஐன்ஸ்ரைன். 1905ஆம் ஆண்டில் எழுதிய தமது பட்ட ஆய்வில் அவர் சீனிக் கரைசலை எடுத்துக்கொண்டார். நீரில் மிதக்கும் சிறு உருண்டைகள் ஓட்டத்துக்கு இடையூறு செய்யும். அவ்விடையூற்றை அளந்தால் உருண்டைகள் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கணிக்கலாம் என்பது அவர் எண்ணம். அக்கணக்கில் ஒரு பிழை நேர்ந்திருந்தது. பாரிசில் பான்சலன் என்பவர் மஞ்சள்நிறத் தாவரப் பிசின் ஒன்றின் நுண்துகள்களை நீரில் மிதக்கவிட்டுப் பரிசோதித்தபோது, கணக்கும் அளவும் ஒத்துவரவில்லை. 1911ஆம் ஆண்டில் ஐன்ஸ்ரைன் தம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தத்தை வெளியிட்டார். பேரறிஞர் ஒருவரின் கணக்கைத் திருத்துவதற்கு ஒரு துளி மரப்பால் துணைநின்றது.

ஐன்ஸ்ரைனின் விதி ஒரு புதிரையும் எழுப்பியது. அதன்படி, உருண்டைகள் நீரில் நூற்றில் ஒரு பங்கு இடத்தை அடைத்தால், பிசுக்குமை நூற்றுக்கு இரண்டரைப் பங்கே உயர வேண்டும். சீனியைப் பொறுத்தவரை இது ஏறத்தாழச் சரியாக இருந்தது. ஆனால் சில தாவரப் பிசின்கள் நூற்றில் ஒரு பங்கு சேர்ந்த அளவிலேயே நீரின் பிசுக்குமையைப் பல நூறு மடங்கு, ஏன், சில ஆயிரம் மடங்கு உயர்த்திவிடுகின்றன. அப்படியாயின் அத்துகள்கள் தம் எடைக்குச் சற்றும் பொருந்தாத பேரிடத்தைப் பற்றிக்கொள்கின்றன என்பதே பொருள். அவை எவ்வகைத் துகள்கள்?

அக்காலத்து இரசாயன அறிஞருள் பெரும்பாலோர் இதற்கு ஒரு விடை வைத்திருந்தனர். மாப்பொருள், செலுலோசு, இறப்பர், பிசின் ஆகியவையெல்லாம் சிறிய மூலக்கூறுகளே; அவை ஏதோ ஒரு கவர்ச்சியால் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடித் திரள்களாக நிற்கின்றன என்றனர். சந்தையிலே கூடும் மக்கள் கூட்டம் போன்றது அத்திரள். கூடுவதும் கலைவதும் அதற்கு இயல்பு. பெரிய மூலக்கூறு என்பது அவர்களுக்கு ஒவ்வாத எண்ணமாக இருந்தது.

இக்கருத்தை எதிர்த்து எழுந்தவர் ஹேர்மன் ஸ்ரவுடிங்கர். 1881ஆம் ஆண்டில் சேர்மனியில் பிறந்த இவர், சுவிற்சலாந்தின் சூரிச் நகரில் பேராசிரியராக இருந்தபோது, 1920ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இப்பொருள்கள் கூட்டங்கள் அல்ல, சங்கிலிகள் என்பது அவர் வாதம். ஒரே வகையான சிறு அலகுகள் நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் வழக்கமான இரசாயனப் பிணைப்பால் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. சங்கிலி முழுவதும் ஒரே மூலக்கூறு. 1922ஆம் ஆண்டில் இதற்குப் பெருமூலக்கூறு என்ற பொருள்படும் பெயரையும் அவர் சூட்டினார்.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. சேர்ம இரசாயனத்தில் அக்காலத்தில் முன்னணியில் நின்ற ஹைன்ரிச் வீலண்ட், பெருமூலக்கூறு என்னும் எண்ணத்தைக் கைவிடுமாறு ஸ்ரவுடிங்கருக்கு நட்புமுறையில் அறிவுரை கூறினார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மூலக்கூற்று நிறையுடைய சேதனப் பொருள் இருக்க முடியாது; பொருளை நன்கு தூய்மையாக்கினால் பளிங்காகப் படியும் என்பது அவர் கருத்து. 1926ஆம் ஆண்டில் டுசல்டோர்வ் நகரில் கூடிய அறிஞர் மாநாட்டில் இவ்வாதம் பகிரங்கமாக நடைபெற்றது. திரள் கொள்கையினர் தம் கட்சியை வலிமையாக எடுத்துரைத்தனர்.

ஸ்ரவுடிங்கரின் கையில் இருந்த கருவிகள் எளியவை. மூலக்கூறுகளைச் சுழற்றி நிறைகாணும் விலையுயர்ந்த பொறி அப்போது சுவீடனில் ஸ்வெட்பெர்க் என்பவரிடம் உருவாகி வந்தது. ஸ்ரவுடிங்கர் தம் ஆய்வுக்கு முதன்மையாகக் கொண்டது வளைந்த ஒரு கண்ணாடிக் குழாயையே. கரைசலை அதில் ஊற்றி, ஒரு கோட்டிலிருந்து மறுகோட்டுக்கு இறங்க எத்தனை வினாடி செல்கின்றது என்று கணக்கிடுவதே முறை. புவசேய் வகுத்த வழியும் இதுவே. இதனைக் கொண்டு அவர் இரண்டு செய்திகளை நிறுவினார்.

முதலாவது, திரள் கொள்கைக்கு விடப்பட்ட அறைகூவல். மாப்பொருளையும் செலுலோசையும் இரசாயன முறையில் வேறு பொருளாக மாற்றினார். பின்னர் மீண்டும் பழைய பொருளாக மாற்றினார். கூட்டமாக நிற்பவை ஆடை மாற்றும்போது கலைந்துபோக வேண்டும். மீண்டும் சேரும்போது வேறொரு தொகையாகச் சேர வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அலகுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே நின்றது. எனவே அவற்றைப் பிணைத்து நிற்பது கூட்டத்தின் கவர்ச்சி அன்று. உறுதியான இரசாயனப் பிணைப்பு. இரண்டாவது, 1930ஆம் ஆண்டையொட்டி அவர் கூறிய விதி. மிக நீர்த்த கரைசலில், கரைந்த பொருள் பிசுக்குமையை உயர்த்தும் ஆற்றல் அதன் சங்கிலியின் நீளத்துக்கு நேர்விகிதமாக அமையும் என்றார். அதாவது, நீர் எவ்வளவு மெதுவாக ஓடுகின்றது என்பதைக் கொண்டே கண்காணா மூலக்கூறு எவ்வளவு நீளமானது என்று கூறிவிடலாம்.

அவ்விதி முற்றிலும் சரியன்று. ஸ்ரவுடிங்கர் சங்கிலிகளை விறைத்த கோல்களாகவே கருதினார். அவை வளைந்து நெளியும் நூல்கள். நீரிலே தளர்ந்த நூற்பந்துபோல் சுருண்டு கிடப்பவை என்று வேர்ணர் கூன் 1934ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஹேர்மன் மார்க்கும், அவரை அடுத்து ஹௌவிங் என்பவரும் விதியைத் திருத்தி அமைத்தனர். தம் எதிரிகளுடன் போரிட்டு வென்ற ஸ்ரவுடிங்கர், தம் கட்சியினர் கூறிய இத்திருத்தத்தை ஏற்க நெடுங்காலம் மறுத்தார். பேருண்மையைக் கண்டவரும் அதன் உருவத்தைக் காணத் தவறலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இதற்கிடையே இரண்டாம் உலகப்போர் வந்தது. 1944ஆம் ஆண்டு நவம்பரில் பிறைபேர்க் நகர்மீது விழுந்த குண்டுகள் அவரது ஆய்வுகூடத்தையும் அழித்தன. தாவரவியல் அறிஞரான அவர் மனைவி மக்டா, ஆய்விலும் எழுத்திலும் அவருக்குத் துணைநின்றார். 1953ஆம் ஆண்டில், எழுபத்திரண்டாம் அகவையில், ஸ்ரவுடிங்கருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மாப்பொருளும் பிசினும் செலுலோசும் வெல்ல அலகுகளாலான நெடுஞ்சங்கிலிகள், அதாவது பல்சக்கரைட்டுகள், என்பதை அதற்குள் உலகம் ஐயமின்றி ஏற்றிருந்தது.

இப்போது வெந்தயத்துக்கு விடை கூறலாம். சீனியின் மூலக்கூறு இரண்டு வெல்ல அலகுகள் மட்டுமே சேர்ந்தது. நீரில் சிறு மணிபோல் உருளும். வெந்தயப் பசையின் மூலக்கூறோ ஆயிரக்கணக்கான அலகுகளால் ஆன நூல். சுருண்டு விரியும் அந்நூல் தன்னைவிடப் பன்மடங்கு நீரைத் தன் வளைவுகளுக்குள் அடக்கிக்கொள்கின்றது. நூல்கள் மிகுந்து நெருங்கும்போது ஒன்றன் வளைவுக்குள் மற்றொன்று புகுந்து பின்னிக்கொள்கின்றன. அப்போது நீர் ஓட வேண்டுமாயின் பின்னலும் அவிழ வேண்டும். இதுவே தடிப்பின் காரணம்.

நீளம் மட்டும் போதாது, உருவமும் வேண்டும் என்பதை அராபியப் பிசினே உணர்த்துகின்றது. அதன் மூலக்கூறு நிறையால் சிறியது அன்று. பல இலட்சம் அளவினது. ஆயினும் அது நீண்ட நூல் அன்று. எண்ணற்ற கிளைகள் விட்டுக் குறுகிய புதர்போல் திரண்டது. ஆகவே நூற்றுக்கு முப்பது பங்கு கரைத்தாலும் அதன் கரைசல் ஓரளவு இலகுவாகவே ஓடும். நேர்நூல்போன்ற பிசின்களை நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்தாலே கரைசல் சில ஆயிரம் சென்றிபோய்ஸ் வரை எட்டிவிடும். புதரை நீரோட்டம் புரட்டிக்கொண்டு போகும். நூற்சிக்கலோ ஓட்டத்தையே பிடித்து நிறுத்தும்.

நியூற்றனின் கருதுகோள் முறிந்ததும் இவ்விடத்திலேதான். பிசின் கரைசலை மெல்லக் கிளறினால் தடிப்பாக இருக்கும். விரைந்து கிளறினால் இளகிவிடும். நிறுத்தினால் மீண்டும் தடிக்கும். மெதுவான ஓட்டத்தில் அவிழ்ந்த சிக்கல்களுக்கு ஈடாகப் புதிய சிக்கல்கள் உருவாகிவிடுகின்றன. ஓட்டம் விரைந்தால் மீண்டும் பின்னிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. நூல்களும் ஓடும் திசையில் நீண்டு ஒழுங்குபடுகின்றன. எனவே தடை குறைகின்றது. ஒரு பிசினின் பிசுக்குமை எவ்வளவு என்று கேட்டால், எந்த வேகத்தில் என்ற எதிர்வினா எழும். 1890ஆம் ஆண்டில் கூவெற் என்னும் பிரெஞ்சு அறிஞர் அமைத்த சுழலும் உருளைக் கருவியின் வழியில் வந்த கருவிகள் இதனை அளக்க உதவின. 1925ஆம் ஆண்டையொட்டி வொல்வ்காங் ஒஸ்வால்ட் இவ்விளகலைக் கணித வாய்பாட்டில் அடக்க முயன்றார். 1929ஆம் ஆண்டில் பிங்கம் என்னும் அமெரிக்கப் பேராசிரியரின் முயற்சியால் இத்துறைக்கெனத் தனிக் கழகம் ஒன்று தோன்றியது. ஓடுவது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாக அதற்கு றியோலொஜி என்று பெயரிட்டனர். தமிழில் ஓட்டவியல் எனலாம்.

அறிவு வளர்ந்துகொண்டிருந்தபோதே வணிகமும் தன் வழியிற் சென்றது. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் கரொப் மரத்தின் விதையிலிருந்து எடுத்த பசை, தாள் தொழிலிலும் துணித் தொழிலிலும் பெரிதும் பயன்பட்டு வந்தது. இரண்டாம் உலகப்போரில் அக்கடல்வழி அடைபட்டதும் அமெரிக்கத் தொழிலகங்கள் மாற்றுப்பொருள் தேடின. இந்தியாவிலிருந்து 1903ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்த ஒரு செடி அவர்கள் கண்ணிற் பட்டது. அது வேறொன்றுமன்று, தமிழர் கறிசமைக்கும் கொத்தவரை. குவார் என்பது அதன் வட இந்தியப் பெயர். அதன் விதைப் பசையும் கரொப் பசையும் உடன்பிறப்புகள் போன்றவை. இரண்டிலும் மன்னோசு என்னும் வெல்லம் முதுகெலும்பாகவும், கலக்டோசு என்னும் வெல்லம் பக்கக் கிளையாகவும் நிற்கின்றன. கரொப்பில் ஏறத்தாழ நான்கு மன்னோசுக்கு ஒரு கிளை. கொத்தவரையில் இரண்டுக்கு ஒன்று. வெந்தயத்திலோ ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கிளைகள் அடர்ந்தால் நூல்கள் ஒன்றையொன்று ஒட்டாமல் தண்ணீரில் இலகுவாகக் கரையும். இதனால் கரொப் பசைக்குச் சூடேற்ற வேண்டியிருக்க, கொத்தவரைப் பசை குளிர்ந்த நீரிலேயே கரைகின்றது. 1953ஆம் ஆண்டளவில் கொத்தவரைப் பசை வணிகப் பொருளாக வெளிவந்தது.

1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வின் மொறிசும் அவருடன் பணியாற்றியோரும் பலவகைப் பல்சக்கரைட்டுக் கரைசல்களை ஒருங்கே ஆராய்ந்தனர். சங்கிலிகள் எவ்வளவு இடத்தை நிரப்புகின்றன என்பதை அளவாகக் கொண்டு நோக்கியபோது, வெவ்வேறு தாவரங்களிலிருந்து வந்த பசைகளின் பிசுக்குமை பெரும்பாலும் ஒரே வளைகோட்டில் அமைந்தது. நூற்பந்துகள் ஒன்றையொன்று தொட்டு ஊடுருவத் தொடங்கும் எல்லையில் அக்கோடு செங்குத்தாக எழுந்தது. கொத்தவரையும் கரொப்பும் மட்டும் வழிவிலகி, அவ்வெல்லைக்கு முன்னரே தடிக்கத் தொடங்கின. அவற்றின் சங்கிலிகள் வெறுமனே பின்னுவதோடு நில்லாமல், இடையிடையே ஒன்றோடொன்று ஒட்டியும் கொள்கின்றன என அவர்கள் விளக்கினர். அரை நூற்றாண்டுக்கு முன் ஸ்ரவுடிங்கருக்கு எதிராகக் கூறப்பட்ட கூட்டம் என்னும் எண்ணமும் முற்றிலும் பொய்யன்று; சங்கிலிகளும் சிலவேளை கூடுகின்றன என்பது இவ்வாறு புலனாயிற்று.

இவ்வறிவு நோயாளருக்கும் பயன் தந்தது. 1978ஆம் ஆண்டில் டேவிட் ஜெங்கின்சும் அவர் குழுவினரும், வெல்லக் கரைசலோடு பல்வேறு தாவர நார்ப்பொருள்களைச் சேர்த்துக் கொடுத்து, குருதியில் வெல்லம் ஏறுவதைக் கவனித்தனர். மிகுந்த பிசுக்குமையுடைய கொத்தவரைப் பசையே அவ்வேற்றத்தை மிகுதியாகத் தணித்தது. அதே பசையைச் சிதைத்து, அதன் பிசுக்குமையைப் போக்கியபின் கொடுத்தபோது அப்பயன் மறைந்துபோயிற்று. குடலிலே உணவு மெதுவாக நகர்ந்து, வெல்லம் மெதுவாக ஊறுவதற்கு நூல்களின் பின்னலே காரணம் என்பது தெளிவாயிற்று. நீரிழிவு நோயாளரின் உணவில் இத்தகைய பசைப் பொருள்கள் இடம்பெறுவதற்கான அறிவியல் அடிப்படைகளுள் இதுவும் ஒன்றாயிற்று.

எண்ணெய்த் தொழிலும் கொத்தவரையை நாடியது. நிலத்தின் ஆழத்தில் பாறையைப் பிளந்து எண்ணெயும் வாயுவும் எடுப்போர், பிளவுகள் மூடிக்கொள்ளாதிருக்க மணலை உள்ளே செலுத்துவர். வெறும் நீரில் மணல் அமிழ்ந்துவிடும். பசை கலந்த நீரோ அதனைச் சுமந்து செல்லும். வேலை முடிந்ததும் பசையைச் சிதைத்து நீரை இலகுவாக வெளியேற்றலாம். இத்தேவையால் 2011ஆம், 2012ஆம் ஆண்டுகளில் கொத்தவரை விதையின் விலை வானளாவியது. உலக விளைச்சலின் மிகப்பெரும் பங்கு இந்தியாவிலிருந்தே, அதிலும் குறிப்பாக இராசத்தானின் வறண்ட நிலங்களிலிருந்தே கிடைப்பது. மழை பொய்த்தால் பிழைக்க வழியற்றிருந்த உழவர் சிலர் திடீரெனச் செல்வராயினர். ஊகவணிகம் கட்டுக்கடங்காது போகவே 2012ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதன் முன்பேர வணிகம் நிறுத்தப்பட்டது. பின்னர் விலை சரிந்தது. உயர்ந்த விலையை நம்பி விதைத்தவர்கள் அச்சரிவையும் தாங்க நேர்ந்தது.

அராபியப் பிசினின் கதையும் முடிந்துவிடவில்லை. அது குளிர்பானங்களில் மணநெய்யை நீரோடு பிரியாது கலந்து நிறுத்துகின்றது. தடிப்பின்றித் தாங்கும் அப்புதர் மூலக்கூறுக்கு நிகரான மாற்று எளிதில் கிடைப்பதில்லை. 1997ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா சூடான்மீது வணிகத்தடை விதித்தபோது, இப்பிசினுக்கு மட்டும் விலக்களித்தமையே அதற்குச் சான்று. 2023ஆம் ஆண்டு ஏப்பிரலில் அந்நாட்டில் மூண்ட உள்நாட்டுப்போர், பிசின் மிகுதியாக விளையும் கொர்டோபான் பகுதியையும் எட்டியது. மரத்தைக் கீறிப் பிசின் எடுக்கும் எளிய மக்கள் மீண்டும் போரின் நடுவே அகப்பட்டனர். 1758ஆம் ஆண்டில் கோட்டைக்காக முழங்கிய பீரங்கிக்கும் இதற்கும் காரணங்கள் வேறு. துன்புற்றோர் மட்டும் ஒரே வகையினர்.

ஒரு குவளைக் குழம்பு ஏன் நூல்போல் இறங்குகின்றது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை, உயிருலகின் கட்டுமானத்தையே காட்டிற்று. மரத்தின் செலுலோசும் அரிசியின் மாப்பொருளும் வெல்லச் சங்கிலிகள். நம் தசையின் புரதமும் பாரம்பரியத்தைச் சுமக்கும் பொருளும் வேறு அலகுகளால் ஆன நெடுஞ்சங்கிலிகள். அவை உண்மையில் உள்ளன என்று உலகை நம்பவைத்த சான்றுகளுள், சொட்டுச் சொட்டாக இறங்கிய ஒரு கரைசலின் காலக்கணக்கும் ஒன்று. நாளைக் காலை வெந்தய நீரை ஊற்றும்போது கரண்டியின் நுனியில் தொங்கும் அந்த மெல்லிய இழையைச் சற்றே உற்று நோக்கினால், முந்நூறு ஆண்டு வரலாறு அதிலே தொங்குவதைக் காணலாம்.